பதினொரு தக்காளிக்காய்கள்

1

முந்தாநாள் காலை ஆறு ஐம்பதுக்குப் பால்கனியில் நின்று தக்காளிக்காய் பறித்தேன். பினாங்கில் அந்த நேரத்தில் இன்னும் இருட்டுதான். இந்த ஊரில் கடிகாரம் சூரியனை முந்திக்கொண்டு ஓடுகிறது. பதினான்கு ஆண்டுகள் ஆகியும் எனக்கு அது பழகவில்லை. அதனால் ஒரு கையில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு காயாகக் கிள்ளி எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன். பதினொன்று இருந்தது. சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். பதினொன்றுதான்.

எண்ணுவது என் தொழிலாக இருந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் புள்ளியியல் ஆய்வாளராக இருந்தேன். வயலில் கயிறு பிடித்துச் சதுரம் கட்டி, அதற்குள் விளைந்ததை அறுக்கச் சொல்லி, எடை போட்டு எழுதுவது வேலை. ஓய்வுபெற்ற பிறகு வயல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. லிஃப்ட் எத்தனை மாடியில் நின்றது, மாதத்தில் எத்தனை நாள் மழை, பேத்தி என்னிடம் ஒரு நாளைக்கு எத்தனை வாக்கியம் பேசினாள் என்று எதையாவது எண்ணிக்கொண்டிருக்கிறேன். மருமகள் புஷ்பா கேலி செய்வாள்.

"மாமா எண்ணாம விட்டது அவரு தலைமுடி ஒண்ணுதான். அதையும் இப்ப எண்ணிடலாம்லா, கொஞ்சம்தானே மிச்சம்."

அந்தப் பதினொரு காயையும் என் மனைவி செண்பகத்தின் முதல் திவசத்துக்காக நான் பயிரிட்டேன். எங்கள் வீட்டுத் திவசச் சமையலில் தக்காளிக்கு இடமில்லை. முட்டைக்கோஸ், காரட், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் கப்பலில் வந்த காய்கள். நாட்டுக்காய்கள் மட்டும்தான் இலைக்கு ஏறும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் நூற்று ஐந்து நாட்களுக்கு முன்னால் விதை போட்டேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

2

நாங்கள் இங்கே வந்தது மூன்று மாதத்துக்கு என்று. மகன் சங்கருக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து வளர்ந்த புஷ்பாவை இங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். பேத்தி தர்ஷினி பிறக்கிற சமயத்தில் ஒத்தாசைக்கு வரச் சொன்னான். வந்தோம். ஜார்ஜ்டவுனில் ஒன்பதாவது மாடி வீடு. மூன்று மாதம் ஆறு மாதமாகி, ஆறு ஒரு வருடமாகி, பிறகு அந்தக் கணக்கை நானே நிறுத்திவிட்டேன்.

செண்பகம் வந்த இரண்டாம் மாதமே பால்கனியில் மூன்று தொட்டி வைத்துத் தக்காளி போட்டாள். இந்தத் தீவில் தக்காளி வராது, கேமரன் மலையில்தான் வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது முக்கால்வாசி சரி. செடி வளரும். பூவும் பூக்கும். இரவிலும் சூடு தணியாத ஊர் என்பதால் பாதிப் பூ உதிர்ந்துவிடும். மிஞ்சியது காய்த்துப் பெருக்கும். அது நிறம் மாறத் தொடங்கும் நேரம் பார்த்து ஒரு பிற்பகல் மழை வரும், தோல் வெடிக்கும். மழை விட்டுவைத்ததை மைனா கொத்தும். அவள் வளர்த்த செடிகளிலிருந்து முழுசாகச் சிவந்து வீட்டுக்குள் வந்த பழம் மொத்தம் நான்கு. என் டைரியில் இருக்கிறது.

அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது. "பழத்த யாரு வேணும்னாலும் சமைப்பா. காயச் சமைக்கத்தான் கை வேணும்" என்பாள். காயாகவே பறித்துவிடுவாள். துவையல் அரைப்பாள், பச்சடி வைப்பாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கூட்டு. பாசிப்பருப்பும் தேங்காயும் சீரகமும் போட்டு, புளி ஒரு பொட்டுகூடச் சேர்க்காமல், காயின் புளிப்பு ஒன்றையே நம்பி வைக்கிற கூட்டு. தேங்காயெண்ணெயில் தாளித்து இறக்குவாள். ஊரில் இருந்தபோதும் அவளுக்கு அதுதான் உயிர்.

தொட்டியில் காய் இல்லாத நாட்களில் பாசாருக்குப் போவோம். இங்கே சந்தைக்கு அதுதான் பெயர், தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். காய்கறி விற்கும் சீனப் பெண்மணி ஒவ்வொரு முறையும் நல்ல சிவப்புப் பழமாகத் தேடித் தேடி எங்கள் பைக்குள் போடுவாள். செண்பகம் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, பெட்டியின் அடியில் கிடக்கும் வெளிறிய காய்களைப் பொறுக்குவாள். "ஆன்ட்டி, இது பழுக்கல, இதெல்லாம் நாலு நாள் வைக்கணும்" என்று அந்தப் பெண்மணி மலாயில் கவலைப்படுவாள். செண்பகம் தமிழிலேயே, "நீ உன் பழத்த வச்சுக்கோ தாயி, எனக்கு இதுதான் தோது" என்பாள். ஒருத்தி பேசியது மற்றவளுக்குப் புரிந்ததில்லை. ஆனாலும் சில மாதங்களில் அந்தப் பெண்மணி பச்சைக் காய்களைத் தனியாக ஒரு பையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள். நான் மலாய் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். எனக்காக ஒருவரும் எதையும் எடுத்து வைத்ததில்லை.

3

போன வருடம் அவள் ஆஸ்பத்திரியில் ஏழு நாள் இருந்தாள். நுரையீரலில் சளி. ஐந்தாம் நாள் பிற்பகல் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு மருந்து நிமிடத்துக்கு எத்தனை விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"எண்ணியாச்சா?"

"இருபத்தி ரெண்டு" என்றேன்.

"சரி. எனக்குத் திவசத்துக்கு வாழக்காயப் போட்டு ஏமாத்திராதீய. எனக்கு வாழக்காய் பிடிக்காது."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றேன். சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. "ஒனக்கு வாழக்காய் பிடிக்காதா?"

"நாப்பத்தஞ்சு வருசம் ஆச்சு, இன்னைக்குத்தான் கேக்கிய" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தக்காளிக்காக் கூட்டு வைங்க" என்றாள்.

"அது ஆகாதே, செண்பகம்."

"ஆகாதுன்னு எனக்கு நீங்க சொல்லுதியளாக்கும்? ஒங்க அம்மைக்கு வருசா வருசம் திவசச் சமையல் பண்ணினவ நான். அவியளுக்கு ஆகாது. எனக்கு ஆகும்."

நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு காகித வேலை. அவளுடைய விசாவை ரத்து செய்ய ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எண் சீட்டு நூற்று நாற்பத்தேழு, எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர். கொடுத்த படிவத்தில், நாட்டை விட்டு வெளியேறிய தேதி என்று ஒரு கட்டம், எந்த வழியாக என்று மூன்று கட்டங்கள்: வான்வழி, கடல்வழி, தரைவழி. தேதியை எழுதிவிட்டேன். மூன்று கட்டங்களின் முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் பேத்தியைவிடப் பத்து வயது கூட இருக்கும். என் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கி, மூன்று கட்டங்களின் குறுக்கே ஒரே கோடாகப் போட்டாள். "டுடோக் டுலு, பாக்சிக்" என்றாள். முதலில் உட்காருங்கள், மாமா என்று அர்த்தம். நான் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில், பதட்டத்தில், "சாமா சாமா" என்று சொல்லிவிட்டேன். அது நன்றி சொன்னவருக்குப் பதிலாகச் சொல்வது. மலாய்ச் சான்றிதழ் வாங்கியவன் லட்சணம். அந்தப் பெண் சிரிக்கவில்லை, அதுவே பெரிய காரியம்.

வீட்டில் அவள் தொட்டிகள் ஒரு மாதத்தில் காய்ந்தன. நான் தண்ணீர் ஊற்றவில்லை என்று இல்லை. தினமும் மூன்று குவளை ஊற்றினேன். வெயிலுக்கும் மூன்று, மழைக்கும் மூன்று. வேர் அழுகிப்போயிற்று.

4

இந்த வருடம் திவசம் நெருங்கியபோது மூன்று சிக்கல்கள்.

முதலாவது, நாள். ஊரிலிருந்து வரவழைத்த பஞ்சாங்கத்தில் அவள் திதி செவ்வாய்க்கிழமை. இங்குள்ள நாள்காட்டியில் புதன்கிழமை. நமக்கும் இவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், திதி அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு இரவு தூக்கம் கெட்டு, கடைசியில் ஐயருக்குப் போன் செய்தேன். அவர் தீவிலும் அக்கரையில் பட்டர்வொர்த்திலுமாக ஓடிக்கொண்டிருப்பவர், ஊரில் கும்பகோணம் பக்கம்.

"அம்மா எந்த ஊர்ல தவறினாங்க சார்?" என்று கேட்டார்.

"இங்கதான்."

"அப்ப இங்க நாள்தான். புதன்கிழமை. ஒன்பதரைக்கு வரேன், பதினொண்ணரைக்குப் பட்டர்வொர்த்துல இன்னொண்ணு இருக்கு."

இரண்டு நாள் நான் தலையைப் பிய்த்துக்கொண்டதை அவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். அவள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்பதும் அதோடு முடிவாகிவிட்டது. அதை ஜீரணிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டாவது, சங்கர். "அப்பா, புதன்கிழமை எனக்கு ஆடிட் இருக்கு. ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமே, எல்லாரும் வீட்ல இருப்போம்" என்றான். திதி என்பது பிறந்தநாள் கேக் இல்லை, தள்ளிவைக்க, என்று கத்தினேன். தர்ஷினி தன் போனிலிருந்து தலையைத் தூக்கி, "தாத்தா சோ ஆங்ரி" என்று அம்மாவிடம் சொன்னாள். அது என்னிடம் பேசிய வாக்கியம் இல்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. மறுநாள் சங்கர், புதன்கிழமை காலைக்கு அரை நாள் விடுப்பு எடுத்துவிட்டதாகச் சொன்னான். சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் வந்துவிடுவதாகவும் சொன்னான். அவனுக்கும் அவள் அம்மாதானே. கத்தியிருக்க வேண்டாம்.

மூன்றாவது, தக்காளிக்காய். ஐயருக்கு இரண்டாம் முறை போன் செய்து, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன்.

"தக்காளி சேர்க்கிறதில்லைதானே?"

"இல்ல சார்."

"காயா இருந்தா?"

"சார், காயா இருந்தாலும் பழமா இருந்தாலும் அது தக்காளிதானே?"

போனை வைத்துவிட்டேன். பால்கனியில் காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தன. பாசாரில் வாங்கிய பழத்தின் விதையைக் கழுவிக் காயவைத்து, நாளைக் கணக்குப் பண்ணி, இந்த முறை மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. மூன்று தொட்டியில் ஒன்று செத்தது, இரண்டு நின்றது. விதை போட்டபோது எனக்குள் ஏதோ துணிச்சல் இருந்திருக்கிறது. காய் வந்தபோது அது இல்லை. கேட்டவள் ஒரே ஒரு காரியம்தான் கேட்டாள். செய்தால் முறை கெடும், செய்யாவிட்டால் அவள் வாய்விட்டுக் கேட்டது வீணாகும்.

புஷ்பாவிடம்தான் கடைசியில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நடந்த பேச்சை முதல் தடவையாக அப்போதுதான் வெளியே சொல்கிறேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"இதுக்குத்தான் டார்ச் அடிச்சுச் செடியப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? நான் கூட மாமாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அவர்கிட்ட சொன்னேன்."

"கேலி பண்ணாதம்மா. என்ன செய்யறது?"

"ரெண்டும் செய்யலாம் மாமா. காலையில ஐயர் சொல்றபடி உங்க முறை. நாட்டுக்காய் மட்டும். சாயந்திரம் எங்க முறைப்படி படையல். எங்க வீட்ல செத்தவங்களுக்கு என்ன பிடிக்குமோ அதத்தான் வைப்போம். எங்க அப்பாவுக்கு வருசா வருசம் ரெண்டு போத்தல் ஸ்டௌட் பீரும் கோழி வறுவலும் வைக்கிறோம். உங்க தக்காளிக்கா என்ன பாவம் பண்ணுச்சு?"

இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் திவசம் முடிந்தால் முடிந்ததுதான். ஆனாலும் ஒன்று சொன்னேன்: கூட்டை நான்தான் வைப்பேன். புஷ்பா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பதினான்கு ஆண்டுகளில் நான் அடுப்பில் வைத்தது வெந்நீர் மட்டும்.

"உங்களுக்குச் செய்யத் தெரியுமா மாமா?"

"எண்ணிக்கை தெரியும்" என்றேன்.

5

புதன்கிழமை காலை முறையாக நடந்தது. ஐயர் ஒன்பது நாற்பதுக்கு வந்தார். சங்கர் வேட்டி கட்டி உட்கார்ந்து, சொன்ன இடத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டான். அம்மா பெயரைச் சொல்லச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. நான் பார்க்காததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டேன். புடலங்காய், அவரைக்காய், பூசணி, சேப்பங்கிழங்கு, பாகற்காய். வாழைக்காய் கூடாது என்று புஷ்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். "ஏன் சார், வாழைக்காய் கிடைக்கலையா?" என்று ஐயர் கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். பொய்தான். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாலே கீழே கடை வாசலில் தார் தொங்குவது தெரியும். அவர் பதினொன்று பத்துக்குக் கிளம்பினார். சங்கர் வேலைக்குப் போனான்.

மூன்று மணிக்கு அடுப்படிக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. செண்பகம் சமைக்கும்போது அடுப்படி வாசலை ஒட்டிய நாற்காலியில்தான் நான் பேப்பர் படிப்பேன். பார்த்தமாதிரி இருக்காது, ஆனால் கணக்கு மனதில் ஏறியிருந்தது. பதினொரு காய்க்குப் பாசிப்பருப்பு இரண்டு கைப்பிடி. பச்சை மிளகாய் ஆறு. தேங்காய் அரை மூடி. சீரகம் ஒரு சின்னக் கரண்டி.

எனக்குத் தெரியாதது தீ. காயை நான்காக நறுக்கி எண்ணெயில் போட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பச்சைத் தக்காளியில் ஒரு காட்டமான வாசனை உண்டு, செடியின் இலையைக் கசக்கினால் வருகிற வாசனை. அது போகும்வரை வதக்க வேண்டும். போனதா இல்லையா என்று எழுபது வயதுக்கு மேல் மூக்கு எங்கே சொல்கிறது? தோல் பளபளப்பு இழந்து பாசி நிறத்துக்கு வந்ததும் வெந்த பருப்பில் சேர்த்தேன். மஞ்சள் போட்டேன், உப்புப் போட்டேன், அரைத்ததைக் கரைத்து ஊற்றினேன். கொதித்தது. ஏறக்குறைய அவள் கூட்டின் நிறம் வந்துவிட்டது. தாளிக்க வேண்டியதுதான் பாக்கி. கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, இடது உள்ளங்கையில் விட்டு நக்கினேன்.

"மாமா!"

புஷ்பா வாசலில் தேங்காயெண்ணெய் போத்தலோடு நின்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"படைக்கிறதுக்கு முன்னாடி வாயில வச்சிட்டீங்களே மாமா!"

படைக்கிற பண்டத்தை யாரும் ருசி பார்க்கக் கூடாது. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இரண்டு முறைக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு விதிதான், அதைத்தான் நான் உடைத்தேன். என் அம்மா திவசத்தில் செண்பகம் உப்பைக் கண்ணால் அளந்து போட்டு, கடைசிவரை பயந்துகொண்டே இருப்பாள். அவ்வளவு தெரிந்தவன். வாயால் ஊதிய கரண்டி வேறு திரும்பச் சட்டிக்குள் போய்விட்டது.

செடியில் இன்னொரு காய் இல்லை. மழையில் பாசார் போய்ப் பயனில்லை, அது மதியத்தோடு மூடிவிடும். புஷ்பா அடுப்பை அணைத்துவிட்டுச் சங்கருக்குப் போன் போட்டாள். அவன் வேலை முடிந்து வரும் வழியில் பெரிய கடை ஒன்றில் நுழைந்து படம் அனுப்பினான். "அப்பா, இருக்கிறதிலேயே பச்சை இதுதான்" என்று எழுதியிருந்தான். ஆரஞ்சு நிறத்தில் ஆறு பழங்கள், பிளாஸ்டிக் தட்டில்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நூற்று ஐந்து நாள், ஒரு கரண்டியில் போயிற்று. "அதை நாமளே சாப்பிட்டுக்கலாம்மா. இலையில வைக்க வேண்டாம். அவளுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

புஷ்பா சட்டியை மூடி வைத்தாள். பிறகு, "ஏன் மாமா டேஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை.

"தெரியலைம்மா. கை தானா போச்சு."

"எங்க ஊத்தினீங்க? உள்ளங்கையில."

"ஆமா."

"அத்தை அப்படித்தான் ஊத்துவாங்க." அவள் அடுப்புக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் இருந்த இடத்தைக் காட்டினாள். "எது செஞ்சாலும் இறக்குறதுக்கு முன்னாடி கரண்டிய எடுத்துக்கிட்டு இங்க வருவாங்க. நீங்க பேப்பரப் பாத்துக்கிட்டே கையை நீட்டுவீங்க. நக்கிட்டு, 'உப்பு கொறையுது'ன்னு சொல்லுவீங்க. தெனமும்."

"கொறைஞ்சிருக்கும். அதான் சொல்லியிருப்பேன்."

"அத்தை ஒரு நாள்கூட போட்டதில்ல மாமா."

"என்னது?"

"உப்பு. நீங்க சொன்னதும் 'ம்'ம்பாங்க, அப்படியே போய் எறக்கி வச்சிருவாங்க. எனக்கு மொதல்ல புரியல, ஒரு தடவ கேட்டேன். 'அவுகளுக்கு ஒரு வேல குடுக்கணும்லா, அதுக்குத்தான்'னு சொன்னாங்க."

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நாற்பத்தைந்து ஆண்டு. பெருக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

"உங்க கையில ஊத்தாம அத்தை எதை எறக்கியிருக்காங்க? இன்னைக்கு மட்டும் எதுக்கு வேற மாதிரி?" என்றாள் புஷ்பா. பிறகு, "வைக்கவா வேணாமா, நீங்க சொல்லுங்க. ஐயர் பட்டர்வொர்த் போயிட்டார்லா" என்றாள்.

யோசித்தேன். என் அம்மா என்ன சொல்லியிருப்பாள், ஊரில் அண்ணன் என்ன சொல்வார், இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் முகம் சுளிப்பீர்கள் என்றெல்லாம் யோசித்தேன். ஆனால் இலைக்கு உரியவள் அவள். அவளுக்கு என் எச்சில் புதிதில்லை.

"தாளிச்சு வை" என்றேன்.

6

ஏழு மணிக்குப் படைத்தோம். கூடத்தில் செண்பகத்தின் படத்துக்கு முன்னால் ஒரே ஓர் இலை. சோறு, சாம்பார், வடை, அப்பளம், கூட்டு. பக்கத்தில் ஒரு தட்டில் அவளுக்குப் பிடித்த இஞ்சி மிட்டாயைத் தர்ஷினி தானாகவே வாங்கிவந்து வைத்தாள். எனக்குத் தெரியாமல் பாட்டியும் பேத்தியும் தின்றதாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வாங்கியிருக்கிறாள். தேவாரம் பாடத் தெரியுமா என்று அவளைக் கேட்கலாமென்று நினைத்து, கேட்கவில்லை. கற்பூரம் காட்டினோம். எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்றோம். வந்தவர் தனியாகச் சாப்பிட வேண்டும் என்பது புஷ்பா வீட்டு வழக்கம். லிஃப்டில் வந்திறங்கிய பக்கத்து வீட்டுச் சீனர் எங்கள் நால்வரையும் பார்த்து, "சாவி மறந்துபோச்சா?" என்று மலாயில் கேட்டார். இல்லை, உள்ளே ஆள் இருக்கிறது என்று சங்கர் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர்கள் வீட்டிலும் இதெல்லாம் உண்டு.

கதவைத் திறந்து உள்ளே வந்ததும் புஷ்பா, "படைச்ச இலையில நீங்க உக்காருங்க மாமா" என்றாள்.

உட்கார்ந்தேன். ஊரில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் உட்காருவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை, அப்படியே நடந்தது. இங்கே தட்டுக்கு மாறியபிறகு அது நின்றுபோயிற்று. அவள் இலையில் நான் உட்கார்ந்ததில்லை. இதுதான் முதல் முறை.

மற்றவர்களுக்குப் புஷ்பா தட்டில் பரிமாறினாள். எல்லோரும் கூட்டைச் சோற்றில் பிசைந்தார்கள். முதல் கவளத்திலேயே தர்ஷினி என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, உப்பே இல்ல!"

"தெரியும். சொல்ல வந்தேன், அதுக்குள்ள உங்கம்மா கத்திட்டா."

சங்கருக்குப் புரை ஏறிவிட்டது. புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்தாள். சங்கர் தட்டில் தூவினாள், தர்ஷினி தட்டில் தூவினாள், என்னிடம் வந்து குனிந்தாள்.

நான் கூட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

"இந்த இலைக்கு வேண்டாம்மா" என்றேன்.

கொஞ்சம் கசந்தது. இன்னும் சற்று வதக்கியிருக்க வேண்டும். அவள் எப்படிச் சாப்பிட்டாளோ அப்படியே, இலையில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.